பாத்ததா, கேட்டதா?

எஸ்தர் அக்கா இறந்துபோய்விட்டார் என்று போன் வந்தபோது நான் திருப்பதி பஸ் ஸ்டாண்டில் இருந்தேன். நான் போட்ட சத்தத்தில் புறப்பட்ட பஸ்ஸே நின்றுவிட்டது. நம்பாதவர்கள் அந்த டிரைவரைக் கேளுங்கள்.

விஜயபுரம் பக்கம் எங்கள் ஏரிச் சங்கத்துக்கு அக்காதான் தலைவி. கூட்டத்தில் யார் வாயைத் திறந்தாலும் ஒரே கேள்விதான்: "பாத்ததா, கேட்டதா?" எந்த வேலையைப் பற்றிப் பேச்சோ, அதைப் பார்த்தும் செய்தும் பழகியவர் முதலில் பேசலாம். கேள்விப்பட்டவர் கடைசியில். நான் எப்போதும் கடைசி. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன்தான், ஆனாலும் எனக்குத் தெரியாத விஷயம் இந்த ஜில்லாவில் கிடையாது. அக்கா மட்டும் மசியமாட்டார்.

போன புயல் மழையில் ஏரிக்கரை அடியில் தண்ணீர் கசிந்தது. உடைந்தால் கீழே காலனி வீடுகள் மொத்தமும் போகும்.

"கரையை அந்தப் பக்கம் வெட்டி விட்டுடலாம்க்கா! அணையையே காப்பாத்துனவன் நானு" என்றேன்.

"எந்த அணை நைனா? பாத்ததா, கேட்டதா?"

"கேட்டதுதான்..."

"அப்ப கம்முனு இரு."

கசிவை அடைத்துப் பழகியவர் முனிரத்தினம் ஒருவர்தான். சங்கத்தோடு சண்டை போட்டு விலகிப் போனவர். "அவன் வாசல்ல போயி நிக்கிறதா?" என்று எல்லோரும் முறுக்கிக்கொண்டார்கள்.

"உங்க சண்டை கரைக்குத் தெரியுமாடா?" என்று அக்கா நனைந்துகொண்டே அவர் வீட்டுக்குப் போனார்.

"இப்பதான் என் ஞாபகம் வந்துச்சா?" என்று திட்டிக்கொண்டே வந்த முனிரத்தினம், கசிகிற தண்ணீரைக் கையில் ஏந்திப் பார்த்தார். "மண்ணு கலந்து வருது. வெளிய அடைச்சா நிக்காது. உள்ள தண்ணி சுழிக்கிற எடத்துல வைக்கோலும் மணல் மூட்டையும் எறக்கணும். ஆளு வேணும்."

போன் எதுவும் வேலை செய்யவில்லை. அக்கா என் பக்கம் திரும்பினார். "சத்தம் போடறதுல உன்னை மிஞ்ச எவன் இருக்கான்? இது நீ செஞ்சு பழகுன வேலை. கூவு!"

கூவினேன். நாகலாபுரம் கோயில் பெருமாளே திரும்பிப் பார்த்திருப்பார். ஆட்கள் மூட்டையோடு ஓடிவந்தார்கள். கரை நின்றது.

அக்காவை அடக்கம் செய்த மறுவாரம் கூட்டம். மதகு ரிப்பேர் பற்றி ஆளாளுக்குக் கத்தினார்கள். நான் எழுந்து, அன்று கூவிய அதே குரலில் கேட்டேன்: "பாத்ததா, கேட்டதா?"

கத்திக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"மதகு பத்தி நீ சொல்லேன் மாமா" என்று, அந்த மழைக்குப் பிறகு சங்கத்துக்குத் திரும்பியிருந்த முனிரத்தினம் சீண்டினார்.

"கேட்டதுதான்பா" என்று உட்கார்ந்தேன். மதகு வேலை செய்தவர்கள் பேச ஆரம்பித்தார்கள்.

அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்தக் கேள்வி. யார் கோபித்துக்கொண்டாலும் சரி, ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்பேன். அதை என்னைவிடச் சத்தமாகக் கேட்க ஆள் இருந்தால் வரட்டும்.