தார்ப்பாய்க்குள் ஒரு டீசல் கார்

போன மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. வழக்கம்போல் காரின் மேலிருந்த தார்ப்பாயை உருவி மடித்து வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்தேன். டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. புகைக்குழாய் மாதிரி ஒரு படம், அதற்குள் புள்ளி புள்ளியாய்... ஆஃப் செய்து மறுபடி போட்டேன். அப்போதும் எரிந்தது.



செகண்ட்ஹேண்டில் டீசல் கார் வாங்கிய கதையை இந்தப் பக்கத்திலேயே சொல்லி உங்களை அறுத்திருக்கிறேன். ஏன் வாங்கினேன் என்று சொல்லவில்லை, இல்லையா? அக்காவுக்காக. வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். எங்கள் ஊர் மயிலம் பக்கம். பிரசவம் பார்க்கப்போவது விழுப்புரத்தில். கூட்டேரிப்பட்டு போய் ஹைவேயில் ஏறினால் முக்கால் மணி நேரம் – வண்டி இருந்தால்! என் அத்தை ஒருத்தி இடுப்பு வலியோடு பஸ்ஸுக்குக் காத்திருந்து, அந்த ஸ்டாப்பிலேயே குழந்தையைப் பறிகொடுத்தவள். எங்கள் வீட்டில் அதை யாரும் பேசுவதில்லை. யாரும் மறக்கவும் இல்லை.

வீட்டில் முதல்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். எதை வாங்கினாலும் கூட வரும் புத்தகத்தைத்தான் முதலில் படிப்பேன். காரோடு வந்த கையேட்டையும் பென்சிலும் கையுமாகப் படித்துக் கோடு போட்டேன். பழைய ஓனர் எதை எப்போது மாற்றினாரோ, யார் கண்டது? இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர் எல்லாம் புதிதாய்ப் போட்டேன். டீசல் ஃபில்டரின் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி, தேங்கியிருந்த தண்ணீரை வடித்தேன். புது ஆயில் இரண்டே நாளில் கறுத்துப்போனதைப் பார்த்து ஒரு வேளை சோறு இறங்கவில்லை. டீசல் இன்ஜினில் அது சகஜம் என்று அப்புறம்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு? காரைப் பொத்திப் பொத்தி வைத்தேன். எந்த நேரமும் தயாராக இருக்கவேண்டுமே! காலையில் ஐந்து நிமிடம், சாயங்காலம் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து ஆஃப் செய்வேன். வாரம் ஒருமுறை அக்காவை ஏற்றிக்கொண்டு மூன்று கிலோமீட்டரில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையம். அவ்வளவுதான். விழுப்புரத்தில் இருக்கும் என் ஆபீஸுக்கு? பஸ்தான்!

எதிர்வீட்டு ஏழுமலை அண்ணன் டிராக்டர் ஓட்டுகிறவர். கார் லைசென்சும் வைத்திருக்கிறார். "நீ ஆபீஸ் போற நேரத்துல சாவிய எங்கிட்ட குடுத்துட்டுப் போயேன் தம்பி" என்று கேட்டார். சேற்றில் டிராக்டர் ஓட்டும் கை என் கியரைத் தொடுவதா? சிரித்து மழுப்பிவிட்டேன்.

அக்கா விடவில்லை. "கார் இங்க, டிரைவரு விழுப்புரத்துல. வலி வந்தா நானே ஓட்டிக்கினு போவணுமாடா?"

"நீ பேசாம உக்காருக்கா."

உட்காரத்தான் வைத்திருந்தோம். அவள் குடத்தைத் தொட்டால் அம்மா கத்துவாள். தெருமுனை வரை போனால் நான் கத்துவேன்.

சரி, மஞ்சள் விளக்குக்கு வருகிறேன். ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு திண்டிவனத்துக்கு ஓட்டினேன். நாற்பதுக்கு மேல் போகவில்லை. அங்கே ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் கஜா, பத்தாவது வரை என் பக்கத்து பெஞ்ச்.

"இன்னா மச்சான், கார் ஓட்டிக்கினு வர்றியா, தேர் இழுத்துக்கினு வர்றியா?"

ஆயில் அளக்கும் குச்சியை உருவிப் பார்த்தான். மோந்து பார்த்தான். "ஆயில் அளவு ஏறிக்கினே போயிருக்குதே, பாக்கலையா?"

"பார்த்தேன். குறையலயேன்னு சந்தோஷமா இருந்துச்சு."

"டீசல் எறங்கிக் கலந்துருக்குது. சந்தோசமா இருந்துச்சாம்!"

அவன் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இப்போது வரும் டீசல் கார்களின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்க ஒரு ஃபில்டர் இருக்கிறது. ஹைவேயில் ஓடிச் சூடானால் அந்தக் கரி தானாக எரிந்துபோகும். ஐந்து நிமிடம் போட்டு அணைத்தால், மூன்று கிலோமீட்டரில் நிறுத்தினால்... எரிய ஆரம்பிப்பது பாதியில் நின்றுவிடும். கரி ஃபில்டரில் சேரும். அதை எரிக்கவென்று கூடுதலாய் விட்ட டீசல் எரியாமல் ஆயிலில் இறங்கும்.

கஜா என் கையேட்டைப் புரட்டினான். "எல்லாப் பக்கத்துலயும் கோடு போட்டு வெச்சிருக்க. இதுல மட்டும் காணோம்?"

குறைந்த தூரம் மட்டுமே ஓட்டுவதைத் தவிர்க்கவும் என்று போட்டிருந்த பக்கம். படித்திருந்தேன். டவுன்காரர்களுக்குச் சொல்கிறார்கள் என்று தாண்டிவிட்டேன்.

"ஆயில மாத்தித் தர்றேன். அப்பால ஹைவேல ஏறி அரை மணி நேரம் சீரா ஓட்டு. எழுபதுக்குக் கொறைக்காத."

"அப்பவும் வெளக்கு போகலன்னா?"

"பேஜாருதான். கழட்டணும். பத்து நாளு வண்டி இங்கதான் நிக்கும்."

டாக்டர் குறித்திருந்த தேதிக்கு இருந்தது சரியாகப் பத்து நாள்.

மறுநாள் அக்காவுக்கு விழுப்புரத்தில் ஸ்கேன். கார் தேயக்கூடாது என்று அதற்கு ஒரு வேன் பேசி வைத்திருந்தேன்! அக்கா வேனைத் திருப்பி அனுப்பிவிட்டு, காரின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். பக்கத்தில் அம்மா, முந்தானையைப் பிடித்துக்கொண்டு.

கூட்டேரிப்பட்டில் ஹைவே ஏறினேன். எழுபது. எழுபத்தைந்து. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. விக்கிரவாண்டி டோல்கேட்டில் நின்று கிளம்பியபோதும் எரிந்தது. ஸ்டியரிங் என் வியர்வையில் வழுக்கியது. இது போகாவிட்டால் என்ன செய்வேன்? மறுபடி அதே பஸ் ஸ்டாப்பா?

முண்டியம்பாக்கம் தாண்டியிருப்போம். பின்னாலிருந்து எட்டிப் பார்த்த அக்கா கத்தினாள். "டேய், வெளக்கு அணைஞ்சிடுச்சு!"

"வாயும் வயிறுமா இருக்கறவ பேசற பேச்சாடி? வெளக்கு குளுந்துச்சுன்னு சொல்லு" என்று அதட்டினாள் அம்மா.

டேஷ்போர்டைப் பார்த்தேன். குளிர்ந்துதான் போயிருந்தது. நானும்தான்.

ஸ்கேனில் எல்லாம் நல்லபடியாக இருந்தது. டாக்டரம்மா மட்டும் கடிந்துகொண்டார். "இப்படி உக்காந்தே இருந்தா எப்படிம்மா? தினமும் நடக்கணும்." அக்கா என் பக்கம் திரும்பினாள். "கேட்டுக்கினியா? என்னயும் தார்ப்பா போட்டுத்தான மூடி வெச்சிருக்கீங்க!"

ரொம்ப நாள் கையில் எதுவும் இல்லாமல் இருந்த வீட்டுக்கு ஒன்று கிடைத்தால், அதை உபயோகிக்கத் தெரிவதில்லை... பூட்டி வைக்கத்தான் தெரிகிறது. அத்தையை நினைத்து நான் பயந்த பயம்தான் அந்த ஃபில்டரில் கரியாகப் படிந்திருந்தது.

வீடு திரும்பியதும் ஸ்பேர் சாவியை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். "தினமும் ஹைவேல ஏறி ஒரு நடை ஓட்டிட்டு வாங்கண்ணா." ஏழுமலை அண்ணன் சாவியையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "மெய்யாலுமா?" அக்கா அன்று சாயங்காலமே தெருமுனை வரை நடந்து போனாள். நான் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாவது நாள், மதியம், ஆபீஸில் இருந்தபோது அம்மா போன் செய்தாள். "வலி எடுத்துக்கிச்சுடா. ஏழுமல ஓட்டிக்கினு வர்றான். நீ ஆஸ்பத்திரி வாசல்ல நில்லு."

நின்றேன். அந்த முக்கால் மணி நேரத்தை எப்படிக் கடந்தேன் என்று கேட்காதீர்கள். வாசலில் திரும்பி வந்த அந்தப் புழுதி படிந்த காரை முதலில் என் கார் என்றே அடையாளம் தெரியவில்லை. அக்கா தன் காலாலேயே இறங்கி, என் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தாள். பொழுது சாய்வதற்குள் நான் தாய்மாமன் ஆகிவிட்டேன். மருமகள்!

காரின் இடது கதவில் ஒரு முழ நீளத்துக்குக் கீறல் இருந்தது – அது என் கண்ணில் பட்டது மூன்றாவது நாள்தான்.