பினாங்குக்குப் பூப்போட்டுப் பார்த்தது

நர்ஸாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. பினாங்கில் ஒரு மருத்துவமனையிலிருந்து இருதய வார்டுக்கு வந்து சேரச் சொன்னார்கள். மனுப் போட்டதே விளையாட்டாகத்தான். சிரம்பானில் நான் வேலை பார்த்த இடத்தில் ஆளாளுக்கு ஏதாவது ஓர் ஊருக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தார்கள், நானும் போட்டு வைத்தேன். அவர்கள் உண்மையாகவே வா என்பார்கள் என்று நினைக்கவில்லை. ஒரு வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

போக ஆசைதான். இருதய வார்டு என்றால் சும்மாவா? ஆனால் நான் போய்விட்டால் எஸ்டேட்டை யார் பார்த்துக்கொள்வார்கள்? சுவா என்ற ஊர்ப் பக்கம், செம்பனை மரங்களுக்கு நடுவில் இருக்கிறது எங்கள் தொழிலாளர் லயம். அங்கே மிச்சம் இருக்கிற குடும்பங்களில் பாதிப் பேருக்குப் பிரஷர், மீதிப் பேருக்கு இனிப்பு நீர் வியாதி. அப்பாவுக்கு இரண்டும். வேலை முடிந்து வந்ததும் சீருடையைக்கூட மாற்றாமல், பிரஷர் பார்க்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவேன். யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. நம் ஆட்கள் எந்தக் காலத்தில் தாமாகக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நானே போய்விடுவேன்.

உப்புக் கருவாட்டு வாசம் வந்தால் அந்த வீட்டு அடுப்படி வரைக்கும் போய்த் தடுப்பேன். அப்பாவின் கோப்பியில் சீனியை நிறுத்தினேன். அம்மா ஊறுகாய் ஜாடியை எங்கே ஒளித்தாலும் கண்டுபிடித்தேன். பக்கத்து வீட்டு அத்தையிடம், இனி தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கைத் தொடமாட்டேன் என்று சாமி படத்துக்கு முன்னால் சத்தியம் வாங்கினேன். எதிர் வீட்டு மண்டோர் மாமா, ஒரு காலத்தில் தோட்டத்து ஆட்களை மேய்த்தவர், தூரத்தில் என் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதுமே செம்பனைக்குள் இறங்கி வேகமாக நடப்பார். நான் சொன்னபடி நடைப்பயிற்சி செய்கிறார் என்று பூரித்துப் போயிருக்கிறேன்.

இந்த ஜனங்களை விட்டுவிட்டு எப்படிப் போவது? யோசித்து யோசித்துச் சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் அம்மாதான் வழி சொன்னார்.

“ஆத்தாகிட்ட பூப்போட்டுப் பாத்துருவோம்லா. அவ சொல்றபடி செய்.”

வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் அம்மன் காலடியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் போவது, சிவப்பு வந்தால் இருப்பது என்று பேசிக்கொண்டோம். கருவியில் பிரஷர் எண்ணைப் பார்க்காமல் ஒரு மாத்திரைகூடக் கொடுக்காத நான், என் வேலைக்குப் பூப்பார்க்கச் சம்மதித்தேன். உள்ளுக்குள் சிவப்பு வரட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். இவர்களை விட்டுப் போகாதே என்று ஆத்தாவே சொல்லிவிட்டால் எவ்வளவு பெருமை!

வெள்ளிக்கிழமை எஸ்டேட் மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். அத்தையும் வந்தார், மண்டோர் மாமாவும் வந்தார். நான் போய்விடுவேனோ என்று பதறி வந்திருக்கிறார்கள் என நினைத்துக்கொண்டேன். பூசாரி எல்லார் கண்முன்னும் இரண்டு பூவையும் வாழையிலையில் மடித்து, நாரால் கட்டித் தட்டில் வைத்தார். பிறகு பூசாரியோடு கோயிலைச் சுற்றி வந்தோம். சுற்றும்போது ஒவ்வொருவராகப் பின்தங்கினார்கள். அம்மா விளக்குக்கு எண்ணெய் ஊற்றப் போனார். அப்பாவுக்குச் செருப்பைப் பார்த்து வர வேண்டியிருந்தது. அத்தைக்குத் திடீரென்று திருநீறு தேவைப்பட்டது. மண்டோர் மாமா காரணமே சொல்லவில்லை.

திரும்பி வந்தபோது தட்டில் ஆறு பொட்டலங்கள் இருந்தன.

பூசாரி தட்டையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். “ரெண்டுதானே கட்டுனேன்” என்றார். ஆளாளுக்கு அம்மனைப் பார்த்துக் கும்பிட்டார்கள். “சரி, ஆத்தா பெருக்கிக் குடுத்துருக்கா. எடும்மா.”

எடுத்தேன். வெள்ளை.

“அவளே சொல்லிட்டா, இனி நம்ம கையில என்னா இருக்கு” என்று அத்தை அவசரமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மண்டோர் மாமாவின் முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் பார்த்ததே இல்லை. எனக்குச் சந்தேகம் தட்டியது. இன்னொன்றை எடுத்தேன். அதுவும் வெள்ளை. ஒன்றுதான் எடுக்க வேண்டும் என்று பூசாரி தடுக்கத் தடுக்க, தட்டை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்தேன். சிவப்பு ஒன்றே ஒன்றுதான். அது பூசாரி கட்டியது.

வார்டில் காயத்துக் கட்டைப் பார்த்தே அதைப் போட்டது யார் என்று சொல்லிவிடுவேன். இதைச் சொல்ல முடியாதா? ஒன்றில் அம்மா மல்லிகை தொடுக்கிற நூல், அம்மாவின் முடிச்சு. ஒன்றில் அப்பா தான் ஓட்டும் லாரியில் வைத்திருக்கும் ரஃபியா பிளாஸ்டிக் கயிறு. ஒன்றில் மண்டோர் மாமா லிங்கி ஆற்றுக்கு எடுத்துப் போகிற தூண்டில் நரம்பு. நான்காவது, நாசி லெமாக் மடிக்கும் பழுப்புத் தாள். அதில் ஒட்டியிருந்த சம்பால் மிளகாய்ச் சாந்து இன்னும் காயவில்லை.

“இது எங்கேர்ந்து வந்துச்சு அத்தை?”

“பழைய தாள்லா அது” என்றார் அத்தை, என் முகத்தைப் பார்க்காமல்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இவர்களுக்காக நான் சோறு தண்ணீர் இல்லாமல் தவிக்கிறேன், இவர்கள் என்னை மூட்டை கட்டி அனுப்ப ஆளுக்கொரு பூவைத் திருட்டுத்தனமாக வைத்திருக்கிறார்கள். “என்னைத் தொரத்துறதுக்கு நாலு பேரா?” என்று கேட்டேன். குரல் உடைந்தது, அது எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது. அம்மா முந்தானையை இழுத்து இழுத்துச் சரிசெய்தார். அப்பாதான் பேசினார். அதிகம் பேசுகிற ஆள் இல்லை அவர்.

“ஒரு வருசமா வூட்டுக்கு நர்ஸுதான் வருது. வந்ததும் என் கையைப் புடிக்குது. மக பாசமா புடிக்குதுன்னு பாத்தா, நாடி பாக்குது. எம்மக எப்ப வரும்னு பாத்துக்கிட்டே இருக்கேன்லா.”

  அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பூசாரி மெதுவாகத் தட்டை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு போனார்.

“தீவாளிக்கு வருவ தானே?” என்று அப்பா கேட்டார்.

“வருவேம்பா” என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான், பினாங்குக்குப் போவதாக ஒப்புக்கொண்டுவிட்டேன் என்பது எனக்கே உறைத்தது.