என் பசிக்கு ஒரு டாக்டரின் வக்காலத்து

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஏதோ ஒரு வருடம், எண்ணூரில் நான் வேலை பார்த்த கம்பெனியின் செலவில் என் வயிற்றைச் சின்னதாக்கிக் குடலையும் மாற்றித் தைத்தார்கள். அப்போது நான் நூற்றிருபத்தெட்டு கிலோ. ஷேர் ஆட்டோவில் ஏறினால் டிரைவர் என்னை இரண்டு பேராகத்தான் பார்ப்பார். தொழிற்சாலையில் கிரேனுக்குக் கீழே பயமில்லாமல் நிற்பேன். ஊசி என்றால் கண்ணை மூடிக்கொள்வேன். எட்டு வருடமாகக் காலையும் மாலையும் என் மனைவிதான் எனக்கு இன்சுலின் போட்டாள்.

ஊசியோடு திட்டும் வரும். "வாயக் கட்டுய்யா! துன்னுகினே கீறியே, வெக்கமா இல்ல?" டயட் இருக்காமல் இல்லை. ஐந்தாறு கிலோ குறையும், இன்சுலின் அளவும் இறங்கும், பிறகு பேய்ப்பசி எடுக்கும். போன கிலோ சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு திரும்பி வரும்.

ஆபரேஷன் முடிந்த நாலாம் நாளே டாக்டர் இன்சுலினை நிறுத்திவிட்டார்.

"இன்னா டாக்டர், ஒடம்பு அப்படியேதான கீது?" என்றாள் மனைவி.

சாப்பாடு இப்போது சீக்கிரமே கீழ்க்குடலுக்குப் போகிறது, அங்கே சுரக்கும் ஹார்மோன் கணையத்தை இன்சுலின் சுரக்கவைக்கிறது, பசியைத் தூண்டும் ஹார்மோனும் குறைந்துவிட்டது என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "டயட் இருந்தா அந்தப் பசி ஹார்மோன் ஏறத்தான்மா செய்யும். எல்லாமே அவர் குத்தம் இல்ல."

எட்டு வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் வக்கீல்! "கேட்டியாமே?" என்று படுத்தபடியே இளித்தேன்.

அவள் திட்டவில்லை. டாக்டர் போனதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "பசிக்குது, இன்னொரு கரண்டி சோறு போடுன்னு கேட்டியே. குண்டான தூக்கி ஒளிச்சு வெச்சேனே, பாவி நான்!"

அவள் குண்டானை ஒளித்த நாளெல்லாம் நான் திருவொற்றியூரில் நாலு பரோட்டாவும் சால்னாவும் முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போயிருக்கிறேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஆயுசுக்கும் ராஜ மரியாதை. ஆனால் அவள் அழுவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. சொல்லிவிட்டேன்.

அழுகை சட்டென்று நின்றது. "நாலா? அப்பறமும் வூட்டாண்ட வந்து பசிக்குதுன்ன?"

"சத்தியமா பசிச்சிதுமே. சொன்னா நீ நம்பமாட்டியேன்னுதான் பரோட்டாவ மறைச்சேன்."

அடிக்க ஓங்கிய கை என் வயிற்றுக் கட்டைப் பார்த்து இறங்கியது.

"இப்ப பசிக்குதா?" என்றாள்.

"இல்ல" என்றேன். கல்யாணமாகி அந்தக் கேள்விக்கு நான் உண்மையாகவே 'இல்ல' என்று சொன்னது அன்றைக்குத்தான்.