வதனி ஏறாத வாகனம்

போன சனிக்கிழமை. ஸ்ட்ரோம்மன் ஷாப்பிங் சென்டர் பார்க்கிங். என் பிக்கப்பை ஒரு நோர்வேஜியர் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். குனிந்து அடிப்பாகத்தைப் பார்த்தார். டயரை மெல்ல உதைத்தார். பிறகு என்னிடம் வந்து, இது ஆமி வாகனம்தானே, வெள்ளை அடித்தால் எனக்குத் தெரியாதா என்றார். கட்டாய ராணுவ சேவைக் காலத்தில் வடக்கே இதே மாதிரி ஒன்றை ஓட்டினாராம்.

என்னென்ன மாற்றினீர்கள் என்று கேட்டார். சொன்னேன். ஹீட்டர், சீட், வயரிங், பின்பெட்டி, பெயிண்ட்... சொல்லச் சொல்ல எனக்கே களைத்தது. இதில் எது ரொம்பக் கஷ்டம் என்று கேட்டார்.

நோர்வேஜிய மொழியில் அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. சிரித்து வைத்தேன். உங்களுக்குத் தமிழில் சொல்கிறேன்.

என் மனைவி வதனிக்குச் சமையல்தான் வேலை. கிழமை நாட்களில் ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில் உருளைக்கிழங்கு அவிப்பாள். சனி, ஞாயிறுகளில் எங்கள் ஆட்களின் கல்யாணம், பிறந்தநாள் என்று ஓர்டர் எடுத்துச் சமைப்பாள். சாமான்களை ஏற்றி இறக்குவது என் பொறுப்பு.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு பனிக்காலம். புருசெத்தில் எங்கள் வீட்டிலிருந்து கொஞ்சத் தூரம்தான் போயிருப்போம். ஓர் ஏற்றத்தில் எங்கள் பழைய ஸ்டேஷன் வேகன் கார் முன்னுக்குப் போக மறுத்தது. பிறகு பின்னுக்கு வழுக்கியது. பனிக்குவியலில் இடித்து நின்றபோது கத்தரிக்காய்க் கறிக் கிடாரம் கவிழ்ந்துவிட்டது. அன்றைக்கு அந்தக் கல்யாணத்தில் கத்தரிக்காய்க் கறி இல்லை. மண்டப வாசலில் நின்று வதனி பெண்வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டாள். நான் பக்கத்தில் கரண்டிகளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நாலு சக்கரமும் இழுக்கிற வாகனம்தான் வேண்டும் என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

இதற்குச் செல்வத்தைவிட்டால் யார்? செல்வம் திருநெல்வேலிக்காரர். டீசல் என்ஜினியர். எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடி. வந்த புதிதில் ஒருநாள் என்னிடம், "அண்ணே, உங்க வண்டி ரொம்ப பழசாயிடுச்சு" என்றார். நான் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டேன். எங்கள் யாழ்ப்பாணப் பேச்சில் வண்டி என்றால் தொந்தி! அவர் காரைச் சொன்னார் என்று புரிய ஒரு நிமிடம் ஆனது. அன்றிலிருந்து நண்பர்கள்.

நோர்வே ராணுவம் கழித்துவிட்ட டீசல் பிக்கப்புகள் விற்பனைக்கு வருவதை அவர்தான் கண்டுபிடித்தார். சேர்ந்து போனோம். முள்ளுக்கம்பி வேலிக்குப் பின்னால் பச்சை நிறத்தில் வரிசையாகப் பதினைந்து, இருபது வாகனங்கள். எல்லாம் ஒரே முகம்.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லையா? தோன்றியது. ஊரில் ஆமி வாகனங்களில் பார்த்த அந்தப் பச்சையைக் கண்டதும் ஒரு கணம் கால் தயங்கியது. பிறகு விலையைப் பார்த்தேன். தயக்கம் போய்விட்டது. இது நோர்வேப் பச்சை, வேறு பச்சை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பளபளவென்று ஒன்று நின்றது. அதையே எடுப்போம் என்றேன். செல்வம் கீழே படுத்து, சேஸியை ஸ்குரூ டிரைவரால் குத்தினார். ஸ்குரூ டிரைவர் உள்ளே போய்விட்டது. துருவின் மேல் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். அடுத்த ஒன்றின் பானெட்டில் கையை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். நாம் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருக்கிறார்கள், குளிரில் எப்படி ஸ்டார்ட் ஆகும் என்று தெரியாது என்றார். கடைசியில் அவர் தேர்ந்தெடுத்தது கதவு நசுங்கிய, வரிசையிலேயே அவலட்சணமான ஒன்றை. கைக்குச் சில்லென்று இருந்த என்ஜின் முதல் திருப்பிலேயே பிடித்தது. தட தடவென்று ஒரு சத்தம். காதுக்கு இனிமை என்றார் செல்வம்.

பெருமையோடு வீட்டின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தி ஹார்ன் அடித்தேன். வதனி பால்கனிக்கு வந்தாள். பார்த்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

மகள் அபி இறங்கி வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, 'ஃப்ளவுட்' என்றாள். வெட்கக்கேடு என்று அர்த்தம். பதினாறு வயதுக்கு எல்லாமே ஃப்ளவுட்தான். அதை நான் பொருட்படுத்தவில்லை. வதனி ஒன்றும் சொல்லாததைத்தான் பொருட்படுத்தியிருக்க வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை கிடாரங்களைப் பிக்கப்பில் ஏற்றினேன். வதனி கைப்பையை எடுத்துக்கொண்டு டி-பானா ஸ்டேஷனுக்கு நடந்தாள். ரயிலில் வாறன், நீங்கள் முன்னுக்குப் போங்கோ என்றாள். அதற்கடுத்த சனிக்கிழமையும் அப்படியே.

சீட் சரியில்லை என்று நினைத்தேன். ராணுவ சீட்... பலகைக்குத் துணி சுற்றியது போல இருக்கும். நல்ல சீட் இரண்டு தேடிப் பிடித்துப் பூட்டினோம். அவள் ரயிலில் வந்தாள்.

குளிராக இருக்கும் என்று நினைத்தேன். புது ஹீட்டர். கான்வாஸ் கூரையைக் கழற்றிவிட்டு அலுமினியப் பெட்டி. அவள் ரயிலில் வந்தாள்.

ராணுவ வாகனத்தில் மின்சாரம் இருபத்துநாலு வோல்ட். சாதாரண ரேடியோ பூட்டினால் புகைந்துவிடும். அதற்கும் ஒரு கருவி வாங்கி, வயர் இழுத்து, ரேடியோ பாடவைத்தோம். வாகனப் பரிசோதனைக்காரர்கள் துரு என்று திருப்பி அனுப்பினார்கள். வெட்டி, வெல்டிங் வைத்து, திரும்பக் கொண்டுபோனோம். ஒவ்வொரு சனிக்கிழமைக் காலையும் நான் குளிர்ந்த கொங்கிரீட்டில் மல்லாந்து கிடந்தேன். முகத்தில் துரு கொட்டும். விரல் நுனிகள் உணர்வற்றுப் போகும். யாருக்காக இதெல்லாம் என்று அலுப்பாக வரும். யாருக்காக என்று அவளுக்குத் தெரியாதா என்று கோபமும் வரும்.

கடைசியில் எனக்கும் மூளை வேலை செய்தது. நிறம்! ஒரு கிழமை லீவு எடுத்துப் பச்சையைத் தேய்த்து எடுத்தோம். வெள்ளை அடித்தோம். பால் வான் போல நின்றது.

வதனி வந்து பார்த்தாள். வடிவாயிருக்கு என்றாள். கைப்பையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

அன்று மாலை செல்வம் வீட்டுக்கு வந்திருந்தார். தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தவளிடம் நேராகக் கேட்டுவிட்டார்.

"அக்கா, வண்டில என்ன குறைன்னு சொல்லுங்க. சரி பண்ணிடலாம்."

வதனி எங்களுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"சத்தம், தம்பி" என்றாள். "அந்தச் சத்தம் எங்கட வாசலில வந்து நிண்டது. அண்ணாவை ஏத்திக்கொண்டு போனவை. விசாரிச்சுப்போட்டு விடுறம் எண்டு சொன்னவை."

செல்வம் கப்பைக் கீழே வைத்தார்.

அவள் அண்ணன் இப்போது கனடாவில் இருக்கிறார். போர்க் காலத்தில் ஆமிக்காரர்கள் அவரைப் பிடித்துப் பதினொரு நாள் வைத்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். திரும்பி வந்துவிட்டார்தானே... அதனால் அது முடிந்த கதை என்று நினைத்திருந்தேன். அந்தப் பதினொரு நாளும் வதனி வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று நான் கேட்டதேயில்லை. அன்றைக்குச் சொன்னாள். அப்போது அவளுக்குப் பதினெட்டு வயது. முன்கதவுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்திருக்கிறாள். வீதியில் எந்த வாகனம் போனாலும் எழும்பிவிடுவாளாம்.

"அந்தச் சத்தம் கேட்டாலும் பயம். கேக்காட்டிலும் பயம். அதுதானே அவரைத் திருப்பிக் கொண்டு வரவேணும்."

கடைசியில் அண்ணன் நடந்துதான் வந்தாராம். எந்தச் சத்தமும் இல்லாமல்.

செல்வம் ஒரு தொழில்காரராக, சத்தத்தைக் குறைக்க வழியிருக்கிறது என்று ஏதோ சொல்லத் தொடங்கினார். பாதியில் நிறுத்திக்கொண்டார். நான் சொன்னேன், விற்றுவிடுவோம் என்று. உண்மையாகத்தான் சொன்னேன். பத்து மாதச் சனிக்கிழமைகள் போகட்டும்.

"விக்க வேண்டாம்" என்றாள் வதனி. "நான் ஓட்டிப் பாக்கிறன். மற்றவை ஓட்ட நான் ஏறமாட்டன்."

அவளிடம் லைசென்ஸ் இருக்கிறது. ஆனால் பழைய காரையே இரண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான் தொடுவாள். இது அதைப்போல இரண்டு மடங்கு கனம். கிளட்ச் கல்லுப் போல. நான் ஆயிரம் காரணம் சொல்ல வாயெடுத்தேன். செல்வம் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

அடுத்த நாள் ஞாயிறு. வெளிச்சம் நன்றாக வந்தபிறகு புறப்பட்டோம். அவள் ஓட்ட, நான் பக்கத்தில். சீட்டை முன்னுக்கு இழுத்து, கண்ணாடியைச் சரிசெய்து, சாவியைத் திருப்பினாள். தட தடவென்று பிடித்தது. அவள் தோள்கள் மேலே போயின. அப்படியே நின்றன. மெல்ல வீதிக்கு எடுத்தாள். முதல் கியரிலேயே வெகுதூரம் போனோம். நான் கியர் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

ட்வெய்ட்டாவுக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு. நின்றோம். நிற்கும்போதுதான் அந்த என்ஜின் பெரிதாகச் சத்தம் போடும். முழு வாகனமும் அதிரும். அன்றைக்கு அவள் வீட்டு வாசலில் வந்து நின்றதும் இந்தச் சத்தம்தானே? அவள் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

அவள் சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்தினாள்.

அமைதி. விளக்கு பச்சையானது. பின்னால் ஒரு கார், அதற்குப் பின்னால் ஒரு பஸ். ஹார்ன் அடித்தார்கள். வதனி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். விளக்கு மறுபடி சிவப்புக்குப் போனது.

"நான் நிப்பாட்ட நிக்குது" என்றாள்.

"ஓம்" என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்ப ஸ்டார்ட் செய்தாள். அடுத்த பச்சைக்குக் கிளட்சை விட்டதில் வாகனம் ஒருமுறை துள்ளியது. பிறகு ஒழுங்காக ஓடியது.

இப்போது சனிக்கிழமைகளில் அவள்தான் ஓட்டுகிறாள். சிக்னலில் சிலவேளை என்ஜினை நிறுத்துவாள். சிலவேளை நிறுத்துவதில்லை. நான் ஏனென்று கேட்பதில்லை.

உங்கள் வீட்டிலும் யாராவது ஒன்றில் ஏறமாட்டேன் என்று நின்றால், ஸ்பேனரைத் தூக்குவதற்கு முன் என்ன குறை என்று ஒரு வார்த்தை கேளுங்கள்... முதுகாவது மிஞ்சும்.