ஞாயிற்றுக்கிழமை பூட்டிய தர்மாஸ்பத்திரி

எங்கள் கடற்கரைத் தெருவில் ஒரு தர்மாஸ்பத்திரி இருந்தது. ஓட்டுக் கூரை, இரண்டு பெஞ்சு, டிங்சர் வாடை, ஒரு கம்பவுண்டர். காலையில் திறந்து உச்சிக்குப் பூட்டிவிடுவார்கள். அந்த நேரத்தில் எங்கள் ஆண்பிள்ளைகள் கடலில் இருப்பார்கள். பெண்கள் நாங்கள் கரையில் மீனுக்குக் காத்துக் கிடப்போம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் யாரும் கடலுக்குப் போகக் கூடாது; அது மாதா கோயில் கட்டளை. பூசை முடிந்து தெரு முழுக்க வீட்டில் இருக்கும். அன்றைக்குத்தான் தர்மாஸ்பத்திரிக்கு லீவு. இந்த ஏற்பாட்டைச் செய்த புத்திசாலியின் முகத்தைப் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

ஏதோ அந்தக் கம்பவுண்டர் நல்லவராக இருந்ததால் பிழைத்தோம். பின்கட்டில் குடியிருந்தார். சாயங்காலம் கதவைத் தட்டினால் முணுமுணுத்துக்கொண்டே காயத்தைக் கழுவிக் கட்டிவிடுவார்.

சுதந்திரம் வந்த மறுவருஷம் ஆஸ்பத்திரிக் கமிட்டிக்காரர்கள் காரில் வந்து இறங்கினார்கள். வெயில் ஏறிய காலை நேரம். பெஞ்சு காலி. கம்பவுண்டர் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். தலைவர் மூக்கில் கைக்குட்டையைப் பொத்திக்கொண்டு, "இந்தச் சனங்களுக்கு இங்கிலீஷ் வைத்தியத்துல நம்பிக்கையே கிடையாது. இதை மூடிட்டு மாடி வச்சுப் பெரிசா ஒண்ணு கட்டிருவோம்" என்றார். கூட வந்தவர்கள் தலையை ஆட்டிய ஆட்டில் பூம்பூம் மாடு தோற்றுப்போகும்.

மீன் கூடையோடு அந்தப் பக்கம் போன எனக்குப் பொறுக்கவில்லை.

"அய்யா, மாடியெல்லாம் வேண்டாம். இதையே சாயங்காலமும் திறந்து வையுங்க. ஞாயித்துக்கிழமையும் திறங்க. கூரை ஒழுகுது, அதைச் சரிபண்ணுங்க. போதும்" என்றேன்.

தலைவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "பாத்தீங்களா, சுதந்திர நாட்டுல ஒழுகுற கூரைக்கு ஒட்டுப் போடச் சொல்லுது" என்று மற்றவர்களிடம் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள்.

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான். மருந்து அலமாரி மாட்டுவண்டி ஏறியது. கம்பவுண்டரைச் சாத்தான்குளம் பக்கம் மாற்றிவிட்டார்கள். பக்கத்துக் காலி மனையில் அடிக்கல் நாட்டினார்கள். கல்லுக்குப் பன்னீர் தெளித்தார்கள், மாலை போட்டார்கள். 'ஏழைகளின் கண்ணீரைத் துடைப்போம்' என்று தலைவர் பேசினார். தூ!

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை, வலையிலிருந்து திருக்கை மீனை எடுத்து வீசும்போது அதன் வால்முள் என் வீட்டுக்காரர் காலில் ஏறிவிட்டது. வெந்நீரில் காலை வைத்தோம், மஞ்சள் பற்றுப் போட்டோம். வலி இறங்கியது. முள்ளின் நுனி உள்ளேயே ஒடிந்து கிடப்பது எங்களுக்குத் தெரியாது. மறுநாள் கால் வீங்கிக் காய்ச்சல் அனலாகக் கொதித்தது. அந்தக் காய்ச்சலில், "ஏளா, போய் அந்தக் கம்பவுண்டர் கதவைத் தட்டு" என்றார். நான் போய்த் தட்டவும் செய்தேன். உள்ளே எலிதான் ஓடியது.

பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் கால் கறுத்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். "குத்தின அன்னைக்கே கழுவி முள்ளை எடுத்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காதேம்மா. உங்க ஊர்ல ஒரு சின்ன ஆஸ்பத்திரி கூடவா இல்லை?" என்று டாக்டர் கேட்டார்.

"இருந்துச்சு அய்யா. அதைப் பெரிசாக்கணும்னு மூடிட்டாங்க" என்றேன்.

மாடி ஆஸ்பத்திரி எழும்பவே இல்லை. அடிக்கல் மட்டும் அங்கனயே கிடந்தது. கடலுக்குப் போக முடியாத என் வீட்டுக்காரர் அதன்மேல் உட்கார்ந்துதான் ஊராரின் வலைகளைத் தைத்துக் கொடுத்தார். ஒருநாள் அந்த வழியாகக் காரில் வந்த கமிட்டித் தலைவர் வண்டியை நிறுத்தி, "ஏலே, அது அடிக்கல்லு. எந்திரிலே!" என்று அதட்டினார்.

என் வீட்டுக்காரர் கட்டைக்காலை மெதுவாக நீட்டிக் காட்டினார்.

"எந்திரிக்கக் கொஞ்சம் நேரமாகும் அய்யா. ஆஸ்பத்திரி வாரதுக்குள்ள எந்திரிச்சிருதேன்."