ஜவ்வரிசி டப்பாவில் தவணைப் பணம்

வீட்டைப் பழுதுபார்க்க வாங்கிய குழுக்கடன் அடையும்வரை எங்கள் வீட்டில் பாயசம் கிடையாது என்று சட்டம் போட்டவள் நான்தான். பாலுக்கும் முந்திரிக்கும் ஆகும் காசு கடனுக்குப் போகட்டுமே! மிச்சமிருந்த ஜவ்வரிசியை யாரும் தொடமாட்டார்கள் என்பதால், அந்த டப்பாவிலேயே தவணைப் பணத்தைக் கவரில் சுற்றிப் புதைத்து வைப்பேன்.

போன மாதம் தவணைக்கு முந்தின நாள், வேலை முடிந்து வண்டியூர் வீட்டுக்குத் திரும்பினால் டப்பாவைக் காணோம்.

"பக்கத்து வீட்டுல திடீர்னு விருந்தாளி வந்துட்டாக. ஜவ்வரிசி கேட்டாக, டப்பாவோட குடுத்துட்டேன். நாமதான் பாயசமே வைக்கிறதில்லையே!" என்றார் கணவர், பெருமையாக.

செருப்புகூடப் போடாமல் ஓடினேன். அங்கே அடுப்பில் பால் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு மீனா கையில் என் பணக் கவரோடு சிரித்தாள்.

"என்னக்கா, ஜவ்வரிசி கேட்டா இம்புட்டு ரூவாயும் சேத்துக் குடுக்குறீக! விருந்தாளிய தெனமும் வரச் சொல்லவா?"

பணத்தோடு ஒரு தூக்குவாளிப் பாயசமும் கிடைத்தது. நானும் அவரும் வழித்து வழித்துச் சாப்பிட்டோம்.

இப்போது சட்டத்தைத் தளர்த்திவிட்டேன். தவணை கட்டும் நாளில் எங்கள் வீட்டிலும் பாயசம் உண்டு. பணம் மட்டும் பாகற்காய் வற்றல் டப்பாவுக்குப் போய்விட்டது. அதைக் கேட்டு எந்த வீட்டிலிருந்தும் ஆள் வராது.