பாத்ரூமில் விழுந்தவன்

தூத்துக்குடி துறைமுகத்தில் கன்டெய்னர் மேலிருந்து நான் விழுந்தபோது, என்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர், கூடப்பிறந்தவராக நான் நினைத்த மேஸ்திரி அண்ணாச்சிதான். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டான்" என்று டாக்டரிடம் சொன்னார். வேலையில் அடிபட்டதாகச் சொன்னால் துறைமுகத்துக்குள் நுழைய விடும் எங்கள் எல்லோருடைய கேட் பாஸும் போய்விடும் என்று நானும் தலையாட்டினேன். சின்ன அடிதான் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

மூன்றாம் வாரம் கால்கள் மரத்துப்போயின. பெரிய ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொன்னேன். தண்டுவடத்தைச் சுற்றியிருக்கும் சவ்வு கிழிந்து, கசிந்த நீர் தேங்கி நரம்புகளை நெரித்திருந்தது. ஆபரேஷன் செய்து கிழிசலைத் தைத்த டாக்டர், "உயரத்துலேருந்து விழுந்தேன்னு சொல்லியிருந்தா அன்னைக்கே ஸ்கேன் எடுத்திருப்பாங்களே" என்றார்.

மறுநாள், கால்களில் இன்னும் உணர்ச்சி திரும்பாமல், தலையைத் தூக்கக் கூடாது என்று மல்லாந்து கிடந்த என்னைப் பார்க்க அண்ணாச்சி வந்தார். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. "ஏலே, இங்கனயும் பாத்ரூம்னுதான சொல்லிருக்க?" என்றார்.

அதைக் கேட்கும்போது அவர் என் காலைப் பிடித்திருந்தாராம். பிறகு, பக்கத்தில் நின்ற என் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.